ஒரே நிறுவனம், இரண்டு கணக்கு: தடா எல்லையில் கவனம் பெறும் 'உள்விலை'

தடா (திருப்பதி மாவட்டம்): சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16-ல் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் தமிழ்நாடு முடிந்து ஆந்திரப் பிரதேசம் தொடங்குகிறது. எல்லையை ஒட்டிய ஊர் தடா. அதன் மேற்கே, சத்தியவேடு மற்றும் வரதய்யபாளையம் மண்டலங்களில், 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரம் பரந்து கிடக்கிறது. ஜப்பான், அமெரிக்கா, பிரான்ஸ், தைவான் எனப் பல நாடுகளைச் சேர்ந்த குழுமங்களின் ஆலைகள் இங்கு இயங்கி வருகின்றன. வாகனங்கள், மெட்ரோ ரயில் பெட்டிகள், குளிர்சாதனக் கருவிகள், சாக்லேட், அலைபேசி என இங்கு உற்பத்தியாகும் பொருட்கள் பல.

இந்த ஆலைகளிலிருந்து புறப்படும் லாரிகளில் உள்ள சரக்கு எல்லாமே விற்கப்பட்ட சரக்கு அல்ல. ஒரு பகுதி, அதே நிறுவனத்தின் சென்னைக் கிடங்குக்கோ, அதே குழுமத்தின் மற்றோர் ஆலைக்கோ, வெளிநாட்டிலுள்ள தாய் நிறுவனத்துக்கோ செல்கிறது. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரே. ஆயினும் பில்லில் ஒரு விலை எழுதப்பட வேண்டும். பேரம் பேச எவரும் இல்லாத இடத்தில் அந்த விலையை யார், எதன் அடிப்படையில் நிர்ணயிக்கிறார்கள் என்பதே, 'உள்பரிமாற்ற விலை' அல்லது 'டிரான்ஸ்ஃபர் பிரைசிங்' எனப்படும் விவகாரத்தின் மையம்.

கணக்காளர்களின் உள்விவகாரமாகத் தோன்றும் இந்த விலை, எந்த அரசின் கருவூலத்துக்கு எவ்வளவு வரி செல்கிறது, சிறு பங்குதாரருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, ஆலைத் தொழிலாளியின் போனஸ் எந்த லாபத்திலிருந்து கணக்கிடப்படுகிறது ஆகிய மூன்றையும் தீர்மானிக்கக்கூடியது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்டு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டுள்ள சூழலில், இந்த விலைக்கான விதிகள் மீண்டும் கவனம் பெற்றுள்ளன.

உள்விலை ஏன் தேவைப்படுகிறது?

ஒரு நிறுவனம் பெரிதாக வளரும்போது, உற்பத்தி, விற்பனை, ஆராய்ச்சி எனப் பிரிவுகள் உருவாகின்றன. ஒவ்வொரு பிரிவும் லாபத்தில் இயங்குகிறதா, நஷ்டத்தில் இயங்குகிறதா என்பதைத் தலைமை அறிய வேண்டுமானால், ஒரு பிரிவு மற்றொன்றுக்குத் தரும் பொருளுக்கு விலை குறித்தாக வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1920-களில் தனது கார் பிரிவுகளைத் தனித்தனி லாப மையங்களாக நடத்தத் தொடங்கிய காலம் முதலே இந்த நடைமுறை மேலாண்மைப் பாடத்தின் ஒரு பகுதியாக உள்ளது.

வழிகள் பொதுவாக மூன்று. வெளிச்சந்தையில் அதே பொருளுக்கு உள்ள விலையை எடுத்துக்கொள்வது முதலாவது. உற்பத்திச் செலவின்மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைச் சேர்ப்பது இரண்டாவது. பிரிவுத் தலைவர்களே பேசி முடிவு செய்வது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு. பல பொருட்களுக்கு வெளிச்சந்தை இருப்பதில்லை. செலவின்மேல் சதவீதம் என்றால், செலவைக் குறைக்கும் அக்கறை ஆலைக்கு இருக்காது. பேசி முடிவு செய்தால், பொருளின் மதிப்பைவிடப் பேசுபவரின் செல்வாக்கே விலையாகிவிடும்.

எளிய உதாரணம் ஒன்றைக் கொள்ளலாம். ஓர் ஆலை 600 ரூபாய் செலவில் ஒரு பொருளைத் தயாரிக்கிறது. அதைக் குழுமத்தின் விற்பனை நிறுவனம் 100 ரூபாய் செலவிட்டு 1,000 ரூபாய்க்கு விற்கிறது. மொத்த லாபம் 300 ரூபாய். உள்விலை 700 ரூபாய் என்றால் ஆலைக்கு 100, விற்பனை நிறுவனத்துக்கு 200 லாபம். உள்விலை 850 ரூபாய் என்றால் ஆலைக்கு 250, விற்பனை நிறுவனத்துக்கு 50. வாடிக்கையாளர் தந்த தொகையிலும் மொத்த லாபத்திலும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. லாபம் தென்படும் இடம் மட்டுமே மாறியது. அந்த இரு இடங்களுக்கு நடுவே ஒரு வரி எல்லை வரும்போதுதான் இது பொது விவகாரமாகிறது.

மாநில எல்லையைக் கடக்கும் சரக்கு

தடாவை ஒட்டிய பீமுனிவாரிபாளையத்தில் ஆந்திர அரசின் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும், தமிழ்நாட்டுப் பக்கம் எளாவூரில் மற்றொரு சாவடியும் பல ஆண்டுகளாக வணிக வரிச் சோதனைக்குப் பெயர் பெற்றிருந்தன. அக்காலத்தில், ஒரே நிறுவனத்தின் ஆலையிலிருந்து வேறு மாநிலக் கிளைக்குச் செல்லும் சரக்கு, 'விற்பனை அல்ல' என்பதற்கு ஆதாரமாக 'எஃப்' படிவம் காட்டினால் மத்திய விற்பனை வரியிலிருந்து விலக்குப் பெற்றது. இதன் விளைவாக, வணிகத் தேவை இல்லாவிடினும் வரிக்காகவே மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைக்கும் பழக்கம் நாடு முழுவதும் பரவியது.

கிளைக்கு அனுப்புவதாகக் காட்டப்படும் சரக்கு உண்மையில் குறிப்பிட்ட வாடிக்கையாளருக்காகவே சென்றதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. ஹைதராபாத்தில் ஆலை வைத்திருந்த சாஹ்னி ஸ்டீல் நிறுவனத்தின் வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளரின் ஆர்டரே சரக்கை நகர்த்தியது என்றால் நடுவில் கிளை இருப்பதால் மட்டும் அது கிளைமாற்றம் ஆகிவிடாது. மாநிலங்களுக்கு இடையேயான விற்பனையே என்று தீர்ப்பளித்தது.

2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் இந்த நிலை தலைகீழானது. வணிக வரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையேயான சரக்குக்கு 'இ-வே பில்' கட்டாயமானது. ஒரே நிறுவனமாக இருந்தாலும், ஆந்திராவில் ஒரு ஜிஎஸ்டி பதிவும் தமிழ்நாட்டில் ஒரு பதிவும் பெற்றிருந்தால், சட்டத்தின் பார்வையில் அவை இரு 'தனித்தனி நபர்கள்'. சென்னையில் தலைமையகமும் ஸ்ரீசிட்டியில் ஆலையும் கொண்ட இசுசு மோட்டார்ஸ் இந்தியா போன்ற அமைப்புகளில், தலைமையகமும் ஆலையும் வரித்துறையின் கணக்கில் இரண்டாகவே கருதப்படும். ஒன்று மற்றொன்றுக்குப் பணம் வாங்காமல் பொருளையோ சேவையையோ தந்தாலும் அது வரிக்குரிய வழங்கலே.

அந்த வழங்கலுக்கு என்ன மதிப்பு? ஜிஎஸ்டி விதி 28, திறந்த சந்தை மதிப்பை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பெறும் கிளை அந்தப் பொருளை அப்படியே மறுவிற்பனை செய்வதாக இருந்தால், கிளை வாடிக்கையாளரிடம் வாங்கும் விலையில் 90 சதவீதத்தை மதிப்பாகக் கொள்ளலாம். பெறும் கிளைக்கு உள்ளீட்டு வரி வரவு முழுமையாகக் கிடைக்கும் என்றால், பில்லில் எழுதிய தொகையே சந்தை மதிப்பாகக் கருதப்படும். வேறெந்த வழியும் இல்லாதபோது உற்பத்திச் செலவில் 110 சதவீதம் என்பது விதி 30.

ஆகவே, வரி வரவு முழுமையாகக் கிடைக்கும் தொழில்களில் தடாவிலிருந்து சென்னைக் கிடங்குக்கு எந்த விலை எழுதினாலும் அரசுக்கு இறுதியில் சேரும் ஜிஎஸ்டி மாறுவதில்லை. முன்கூட்டியே எவ்வளவு பணம் வரியாக முடங்கும் என்பதே மாறுகிறது. ஆனால் வங்கி, காப்பீடு, மருத்துவமனை போன்று வரவு முழுமையாகக் கிடைக்காத துறைகளில், தலைமையகம் கிளைக்குத் தரும் சேவையின் விலை நேரடியாகவே வரிச்சுமையாகிறது.

இந்தக் குழப்பம் பெரிதாகி வந்த நிலையில், மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2023 ஜூலை 17-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. முழு வரவு பெறும் கிளைகளுக்குப் பில்லில் உள்ள தொகையே போதும் என்றும், தலைமையக ஊழியர்களின் சம்பளத்தைச் சேவை மதிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டியதில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

இன்ஃபோசிஸ் விவகாரம் கற்பித்தது

நாட்டின் எல்லைக்கு வெளியே உள்ள கிளைக்கும் இதே தர்க்கம் நீண்டபோது எழுந்ததுதான் இன்ஃபோசிஸ் விவகாரம். 2024 ஜூலை மாத இறுதியில், 2017 ஜூலை முதல் 2022 மார்ச் வரையிலான காலத்தில் வெளிநாட்டுக் கிளைகளிடமிருந்து பெற்ற சேவைகளுக்கு 32,403 கோடி ரூபாய் ஜிஎஸ்டி நிலுவை எனக் குறிப்பிட்டு, ஜிஎஸ்டி புலனாய்வுத் துறை அந்நிறுவனத்துக்கு முன்னறிவிப்பு அனுப்பியது. வாடிக்கையாளர் பணிக்காக அயல்நாட்டுக் கிளைகளுக்கு நிறுவனம் அனுப்பும் செலவுத் தொகை, அக்கிளைகள் தரும் சேவைக்கான விலையே என்பது துறையின் நிலைப்பாடு. அத்தகைய செலவுகளுக்கு ஜிஎஸ்டி பொருந்தாது என்று நிறுவனம் பதிலளித்தது.

2024 ஆகஸ்டில் முதல் நிதியாண்டுக்கான நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. மீதமுள்ள ஆண்டுகளுக்கான நடவடிக்கையும் 2025 ஜூன் மாதத்தில் முடிவுக்கு வந்தது. இறுதியில் கோரிக்கை நிலைக்கவில்லை. ஆயினும், ஒரு நிறுவனம் தன் சொந்தக் கிளைக்கு அனுப்பிய பணத்துக்கு விலை என்ற பெயர் சூட்டலாமா என்ற ஒரே கேள்வி, பல்லாயிரம் கோடி ரூபாய்க்கான அறிவிப்பாக வெளிவர முடியும் என்பதை அந்த விவகாரம் காட்டியது.

வரி விகிதம் இரண்டானால்

வருமான வரியில் நிலைமை வேறு. ஒரே நிறுவனத்தின் இரு பிரிவுகளும் ஒரே விகிதத்தில் வரி செலுத்தினால் உள்விலையால் அரசுக்கு இழப்பில்லை. ஒரு பக்கம் மட்டும் சலுகை பெற்றால் லாபம் அந்தப் பக்கம் நகர்வதற்கான தூண்டுதல் பிறக்கிறது.

2019-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த வரிக்குறைப்பு அத்தகைய ஒரு வேறுபாட்டை உருவாக்கியது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு, கூடுதல் வரிகளையும் சேர்த்து 25.17 சதவீத விகிதம் கிடைக்கிறது. 2019 அக்டோபர் 1-க்குப் பின் பதிவு செய்யப்பட்டு, 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தியைத் தொடங்கிய புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கோ 17.16 சதவீதம் மட்டுமே. முன்னர் கண்ட உதாரணத்தில் ஆலை 17.16 சதவீதமும் விற்பனை நிறுவனம் 25.17 சதவீதமும் செலுத்துவதாகக் கொண்டால், உள்விலை 700 ரூபாயாக இருக்கும்போது குழுமத்தின் மொத்த வரி 67 ரூபாய் 50 காசு. உள்விலை 850 ஆனால் அது சுமார் 55 ரூபாய் 50 காசு. ஒரு பொருளுக்கு 12 ரூபாய், ஒரு லட்சம் பொருளுக்கு 12 லட்சம் ரூபாய், பில்லில் எழுதும் எண்ணை மாற்றியதாலேயே மிச்சமாகிறது.

சட்டம் இதை எதிர்பார்த்தே ஒரு தடையை வைத்துள்ளது. குழுமத்துக்குள் நடந்த ஏற்பாட்டால் புதிய நிறுவனத்துக்கு வழக்கமான அளவைவிடக் கூடுதல் லாபம் வந்ததாகத் தெரிந்தால், அந்தக் கூடுதல் பகுதிக்குச் சலுகை விகிதம் மறுக்கப்பட்டு 30 சதவீத விகிதத்தில் வரி விதிக்கப்படும். சிறப்புப் பொருளாதார மண்டல ஆலைகளுக்கும், வரிவிலக்குப் பெற்ற பிற தொழில்களுக்கும் இதே போன்ற கட்டுப்பாடு ஏற்கெனவே உண்டு. 2012-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், இத்தகைய உள்நாட்டுப் பரிவர்த்தனைகளையும் உள்பரிமாற்ற விலை விதிகளுக்குள் கொண்டுவந்தது. தற்போது ஆண்டுக்கு 20 கோடி ரூபாயைத் தாண்டும் பரிவர்த்தனைகளுக்கு அவை பொருந்தும்.

ஒரே மின்சாரம், இரண்டு விலை

'சந்தை விலை' என்பது எளிதில் கண்டெடுக்கக்கூடிய எண் அல்ல என்பதற்கு ஜிண்டால் ஸ்டீல் அண்ட் பவர் நிறுவனத்தின் வழக்கு சான்று. சத்தீஸ்கரில் உள்ள அந்நிறுவனத்தின் சொந்த மின் நிலையம், தயாரித்த மின்சாரத்தைத் தன் உருக்கு ஆலைப் பிரிவுக்குத் தந்தது; உபரியை மாநில மின் வாரியத்துக்கு விற்றது. மின் உற்பத்தி லாபத்துக்கு வரிச்சலுகை இருந்தது. தன் ஆலைக்குத் தந்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் 72 காசு என நிறுவனம் கணக்கிட்டது. அது தொழிற்சாலைகளுக்கு மின் வாரியம் விதித்த கட்டணம். உபரியை வாரியம் வாங்கிய விலையோ 2 ரூபாய் 32 காசு. அதுவே சந்தை விலை என்று கூறி வரித்துறை சலுகையைக் குறைத்தது.

2023 டிசம்பர் 6-ஆம் தேதி நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உபரியை வாரியத்துக்கு மட்டுமே விற்க முடியும் என்ற நிலையில், பேரத்துக்கு இடமின்றி முடிவான விலையைச் சந்தை விலை என்று கூற முடியாது. திறந்த சந்தையில் ஒரு நுகர்வோர் மின்சாரத்துக்கு என்ன விலை தருவாரோ அதுவே அளவுகோல் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு தந்த தெளிவு முக்கியமானது. ஆனால் சர்ச்சைக்குரிய கணக்கு 2001-02 மதிப்பீட்டு ஆண்டைச் சேர்ந்தது. ஒரு யூனிட் மின்சாரத்தின் உள்விலை எது என்று முடிவாக 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவ்வளவு காலமும் அரசுக்கு வரவேண்டிய தொகை எவ்வளவு என்பதும், நிறுவனத்தின் உண்மையான லாபம் எவ்வளவு என்பதும் உறுதியற்ற எண்களாகவே இருந்தன.

நாட்டு எல்லையில் எதிரெதிர் கேள்விகள்

அயல்நாட்டுக் குழுமங்களின் இந்திய ஆலைகளுக்கான சட்டம் 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் வந்தது. ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரு நிறுவனங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போல விலை வைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 'ஆர்ம்ஸ் லெங்த்' விலை எனப்படும் இதைக் கண்டறிய ஆறு முறைகள் விதிக்கப்பட்டுள்ளன. ஒப்பான பொருளின் வெளிச்சந்தை விலையை நேரடியாக ஒப்பிடுவது முதல், ஒப்பான நிறுவனங்களின் லாப விகிதத்தோடு ஒப்பிடுவது வரை அவை நீள்கின்றன. நடைமுறையில் லாப விகித ஒப்பீடே அதிகம் பயன்படுகிறது.

சிக்கல் ஒப்பீட்டில்தான் உள்ளது. ஒரு ஜப்பானியக் குழுமம் தன் வாகனத்துக்காகவே வடிவமைத்த உதிரிபாகத்தை வேறு எவரும் தயாரிப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. 'அந்நியர்கள் என்ன விலை பேசியிருப்பார்கள்' என்ற கேள்விக்குப் பதில் தரக்கூடிய அந்நியர் இல்லை. எனவே எந்த நிறுவனங்களை ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதே பெரும்பாலான வழக்குகளின் பொருளாகிறது. 2023 ஏப்ரலில் சாப் லேப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய விவகாரங்களில் தீர்ப்பாயத்தின் முடிவே இறுதியானது என்ற கருத்தை ஏற்க மறுத்து, விலை நிர்ணயம் சட்ட விதிகளின்படி நடந்ததா என்பதை உயர் நீதிமன்றங்கள் ஆராயலாம் என்று கூறியது.

இதற்கு மேல் சுங்கத் துறை வருகிறது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, கிருஷ்ணபட்டினம் துறைமுகங்கள் தடா பகுதி ஆலைகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. தாய் நிறுவனத்திடமிருந்து இந்திய ஆலை இறக்குமதி செய்யும் பாகத்தின் விலை 400 ரூபாயா, 500 ரூபாயா என்பதில் இரு துறைகளின் அக்கறை நேரெதிரானது. விலை 500 என்றால் இந்தியாவில் லாபம் 100 ரூபாய் குறைந்து வருமான வரி இழப்பு ஏற்படும். ஆகவே விலை அதிகம் என்று வருமான வரித்துறை ஐயுறும். விலை 400 என்றால் சுங்க வரி குறையும். ஆகவே விலை குறைவு என்று சுங்கத் துறை ஐயுறும். உறவு நிறுவனங்களுக்கு இடையேயான இறக்குமதியை ஆராயச் சுங்கத் துறையில் சிறப்பு மதிப்பீட்டுப் பிரிவுகள் உள்ளன. அவற்றில் ஒன்று சென்னையில் இயங்குகிறது.

இரு துறைகளும் மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்குக் கீழ் வருபவை. எனினும் ஒன்றின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரே பாகத்துக்கு ஒரே ஆண்டில் ஓர் அதிகாரி 'விலை அதிகம்' என்றும், மற்றொரு அதிகாரி 'விலை குறைவு' என்றும் கூற இன்றைய அமைப்பில் இடமுண்டு.

தொழிலாளியும் சிறு பங்குதாரரும்

பொருளைவிட அறிவுச் சொத்துக்கான விலையை அளப்பது இன்னும் கடினம். பிராண்ட் பெயர், தொழில்நுட்பம், மென்பொருள் ஆகியவற்றுக்காக இந்திய நிறுவனங்கள் தாய் நிறுவனத்துக்கு ராயல்டி செலுத்துகின்றன. 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய் மதிப்பில் பங்குகளை வெளியிட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா, தாய் நிறுவனத்துக்கான ராயல்டி விகிதத்தை 3.5 சதவீதமாக நிர்ணயித்தது முதலீட்டாளர்களிடையே விவாதிக்கப்பட்டது. ராயல்டியாகச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் இந்தியப் பங்குதாரருக்கு உரிய லாபத்திலிருந்தே கழிகிறது. இதைக் கருதியே, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ராயல்டி ஆண்டு விற்றுமுதலில் 5 சதவீதத்தைத் தாண்டினால், தொடர்புடையோர் அல்லாத பங்குதாரர்களின் ஒப்புதல் தேவை என்று செபி விதித்துள்ளது. பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கக்கூடிய மற்றோர் உதாரணம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை. பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகச் செலுத்திய தொகையில் வரி பிடித்தம் செய்யவில்லை எனக் கூறி, 2013-ஆம் ஆண்டு வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி ரூபாய் கோரியது. அந்த வழக்கு உள்விலையின் அளவைப் பற்றியது அல்ல. உள்பரிவர்த்தனையின் தன்மையைப் பற்றியது. சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் அலைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆர்டர்கள் நின்று, அதே ஆண்டு நவம்பர் 1-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே வளாகத்தில் இயங்கிய ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களுள் பெருந்திரளான பெண்கள், வேலை இழந்தனர். மறு ஆண்டு ஃபாக்ஸ்கான் அலைபேசி உற்பத்தியைத் தொடங்கிய இடம் தடா அருகிலுள்ள ஸ்ரீசிட்டி. இந்தியா-பின்லாந்து இடையே பரஸ்பர உடன்பாட்டு நடைமுறையின் மூலம் நோக்கியாவின் வரிச் சர்ச்சை 2018-ல் தீர்க்கப்பட்டபோது, ஆலை மூடப்பட்டு ஏறத்தாழ 4 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆலை மூடப்படாத காலத்திலும் உள்விலை தொழிலாளியைத் தொடுகிறது. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்பது உபரி லாபத்தைப் பொறுத்தது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த வரம்புகள் தொடர்கின்றன. ஒரு நிறுவனத்தின் கிளைகள் அனைத்தும் பொதுவாக ஒரே நிறுவனமாகவே கருதப்பட்டாலும், ஒரு பிரிவுக்குத் தனி லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் இருந்தால், அது தனி நிறுவனமாகக் கருதப்பட 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. குழுமம் தன் ஆலையையும் விற்பனையையும் தனித்தனி நிறுவனங்களாகப் பதிவு செய்திருந்தால் பிரிவினை முழுமையானது. அப்போது ஆலையின் பொருளுக்குக் குறைந்த உள்விலை எழுதப்பட்டால், ஆலையின் லாபம் குறைவாகத் தெரியும். போனஸ் பேச்சுவார்த்தை அந்தக் குறைந்த எண்ணிலிருந்தே தொடங்கும்.

முன்கூட்டியே முடிவு செய்யும் முயற்சி

வழக்கைக் குறைக்க மத்திய அரசு சில வழிகளைத் திறந்துள்ளது. 2012 ஜூலை முதல், நிறுவனமும் வரித்துறையும் உள்விலையை முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை உள்ளது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அறிவிப்பின்படி, 2024-25 நிதியாண்டில் மட்டும் 174 ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின; திட்டம் தொடங்கியது முதல் மொத்த எண்ணிக்கை 815-ஐ எட்டியது. குறிப்பிட்ட லாப விகிதத்தைக் காட்டினால் விலையை வரித்துறை கேள்வி கேட்காமல் ஏற்கும் 'பாதுகாப்பு வரம்பு' முறை மற்றொன்று. 2025 மார்ச் மாதத்தில் இதன் பரிவர்த்தனை உச்சவரம்பு 200 கோடியிலிருந்து 300 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டதுடன், மின்வாகனங்களுக்கான லித்தியம்-அயன் பேட்டரிகளும் சேர்க்கப்பட்டன. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், ஓராண்டுக்கு முடிவான விலையை அதே வகைப் பரிவர்த்தனைக்கு அடுத்த இரு ஆண்டுகளுக்கும் பயன்படுத்த வழி செய்தது.

இவை நிறுவனங்களுக்கும் வரித்துறைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் முன் ஒப்பந்தங்களில் ஏற்கப்பட்ட விலையோ, அதன் அடிப்படையோ பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. உலக அளவில் 6,400 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் உள்ள குழுமங்கள், எந்த நாட்டில் எவ்வளவு லாபம், எவ்வளவு வரி, எத்தனை ஊழியர்கள் என்ற விவரங்களை நாடுவாரியாக அளிக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் உள்ளது. அந்த அறிக்கையும் வரி அதிகாரிகளின் பார்வைக்கு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இயற்றிய உத்தரவின் மூலம், பெருங்குழுமங்கள் இத்தகைய விவரங்களைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டது. 15 சதவீதக் குறைந்தபட்ச உலக வரியை ஜப்பான் உள்ளிட்ட நாடுகள் நடைமுறைப்படுத்தத் தொடங்கியுள்ளன. லாபத்தை வரி குறைந்த நாட்டுக்கு நகர்த்துவதன் பயனை அது குறைக்குமே தவிர, விலையை எப்படி நிர்ணயிப்பது என்ற கேள்வியை அகற்றாது.

எஞ்சி நிற்கும் கேள்வி

உள்விலை வைப்பது குற்றமல்ல; பிரிவுகளாக இயங்கும் எந்த நிறுவனமும் அதைத் தவிர்க்க முடியாது. ஒரே சரியான விலை எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்ற நம்பிக்கைதான் சிக்கலின் வேர். ஜிண்டால் வழக்கில் 2 ரூபாய் 32 காசுக்கும் ஆதாரம் இருந்தது; 3 ரூபாய் 72 காசுக்கும் ஆதாரம் இருந்தது. இரண்டில் எது சட்டப்படி பொருந்தும் என்பதே கேள்வியாக இருந்தது. பெரும்பாலான உள்விலைச் சர்ச்சைகளின் நிலையும் அதுவே.

ஆகவே சீர்திருத்தத்தின் அளவுகோல், விலை எவ்வளவு துல்லியமானது என்பதைவிட, எந்த அடிப்படையில் அது எழுதப்பட்டது என்பது எவ்வளவு விரைவாக, எத்தனை பேருக்குத் தெரிகிறது என்பதாகவே இருக்க வேண்டும். சுங்கத் துறையும் வருமான வரித்துறையும் ஒரே இறக்குமதிக்கு ஒரே மதிப்பைக் கூட்டாக முடிவு செய்யும் வழி, வழக்குகளின் ஒரு பெரும் பகுதியைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும். குழுமத்துக்குள் நடக்கும் கொள்முதல், விற்பனை, ராயல்டி ஆகியவற்றின் அடிப்படையை ஆண்டறிக்கையில் எளிய மொழியில் வெளியிடச் செய்வது, சிறு பங்குதாரருக்கும் தொழிற்சங்கத்துக்கும் கேள்வி கேட்க ஒரு பிடி தரும். புதிய வருமான வரிச் சட்டம் மொழியை எளிமைப்படுத்தியுள்ள அளவுக்கு இந்த இரு திசைகளில் நகரவில்லை.

தடா எல்லையில் சரக்கு லாரிகள் வணிக வரிச் சோதனைக்காக இன்று வரிசையில் நிற்பதில்லை. சரக்கின் எடையையும் எண்ணிக்கையையும் சாவடியில் சரிபார்த்த காலம் போய், பில்லில் உள்ள விலையைக் கணக்குப் புத்தகத்தில் சரிபார்க்கும் காலம் வந்துள்ளது. அந்தச் சோதனை எவ்வளவு தெளிவாகவும் விரைவாகவும் நடக்கிறது என்பதைப் பொறுத்தே, அடுத்தடுத்து வரும் ஆலைகளின் லாபத்தில் அரசுக்கும் முதலீட்டாளருக்கும் தொழிலாளிக்கும் உரிய பங்கு அமையும்.